சூப்பர்வைசருக்கு ஒரு டப்பா

பண்டிகை செவ்வாய்க்கிழமையில் வந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமையாக வந்திருந்தால் யாரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது. பிழைக்க வந்த அந்த ஊருக்குச் செவ்வாய் வெறும் செவ்வாய்தான். குப்பை வண்டி வரும், பள்ளிக்கூடம் நடக்கும், டயர் கடை வாசலில் காற்றுப் போன வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த டயர் கடையில் வேலை செய்கிற இவன் லீவு வேண்டும் என்று கேட்டபோது முதலாளி சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் போடவில்லையே என்றார். எங்கள் காலண்டரில் போட்டிருக்கிறது என்று இவன் சொன்னான். முதலாளி சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தார். சிரிக்காமல் கொடுத்திருக்கலாம் என்று அன்று முழுக்க அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நம் ஆட்கள் அவனை டயர்க்காரன் என்றுதான் சொல்வார்கள். கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவனிடம் வந்து நின்றிருக்கிறார்கள். கையில் கறுப்பு ஏறிப்போய் எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். வாய் மட்டும் சுத்தமாக வேலை செய்யும். எந்த ஊராக இருந்தாலும் மனுஷன் மனுஷன்தான், பேச வேண்டிய விதத்தில் பேசினால் நடக்காதது எதுவுமில்லை என்பது அவனுடைய கட்சி. இந்தக் கட்சியில் அவன் ஒருவன்தான் உறுப்பினர்.

அவன் மனைவி லீவு கேட்கவேயில்லை. பத்து மாடி அலுவலகக் கட்டடத்தில் சாயங்கால ஷிஃப்ட்டில் துப்புரவு வேலை அவளுக்கு. மூன்று மணிக்கு அவள் வீட்டைவிட்டுப் போனால் அரைமணி கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு மகள் வருவாள். அம்மா திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் இருவரும் பார்த்துக்கொள்கிற நேரம் பல் தேய்க்கவும் பால் குடிக்கவும் சாக்ஸ் தேடவும்தான் சரியாக இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லும். அப்பா குழம்பைக் கிண்டிக்கொண்டே உம் கொட்டுவான். பாதியில் அதுவும் அலுத்துப்போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும்.

போன மாதம் காலை ஷிஃப்ட்டில் ஒரு பெண் வேலையைவிட்டு நின்றாள். அந்த இடத்துக்கு இவளும் இன்னும் சிலரும் கேட்டிருந்தார்கள். யாருக்கு என்று அந்த வாரம் சூப்பர்வைசர் சொல்வதாக இருந்தது. இந்த நேரம் பார்த்து லீவு கேட்டுக்கொண்டு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? காலையில் கொண்டாடிவிட்டு மூன்று மணிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வயிற்றெரிச்சலோடுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமையே பலகார வேலை ஆரம்பமாகிவிட்டது. அடுப்படி என்று பெயர்தான், இருவர் நின்றால் மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். அவள் மாவை வறுத்தாள். குளிருக்கு ஜன்னலைத் திறக்க முடியாமல் வாசனை முழுக்கப் படுக்கையறைத் துணியில் போய் ஏறியது. வெண்ணெயை உருக்கி, சர்க்கரையைப் பொடித்துக் கலந்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தாள். உள்ளங்கை சிவந்துபோனது. அவன் பக்கத்தில் நின்று, விரிசல் இல்லாமல் உருண்டையாக வந்ததை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் தங்கநிறப் பேப்பர் ஒட்டிய பெரிய டப்பா ஒன்று இருந்தது. முந்தின நாள்தான் வாங்கி வந்தான்.

"யாருக்கு இவ்வளவு பெரிய டப்பா?"

"உங்க மேடத்துக்கு."

அவள் கையிலிருந்த மாவோடு திரும்பினாள். "எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குறா பாரு. பண்டிகை. பண்டிகைன்னா நாலு பேருக்குக் குடுக்கிறதுதான். அதுல உங்க மேடமும் ஒரு ஆள்."

"மத்த மூணு பேர் யாரு?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன். ஷிஃப்ட்டு விஷயம் நடந்துக்கிட்டிருக்கு. இப்ப போய் வெறுங்கையோட நின்னா யாரு மதிப்பா? எங்கப்பா வீட்டுக்குத் தண்ணிக் குழாய் வாங்கினது எப்படின்னு நினைக்கிற? பண்டிகைக்கு இன்ஜினியர் வீட்டுக்கு ஒரு கூடை கொண்டுபோய் வெச்சாரு. அடுத்த வாரம் குழாயில தண்ணி."

"இங்க அப்படி இல்லைங்க. அந்த மேடம் ஒரு மாதிரி. நான் டீ போட்டுக் குடுத்தாக்கூட வேணாம்னுடுவாங்க."

"வேணாம்னு சொல்றது மரியாதைக்கு. குடுத்த உடனே யாராவது கையை நீட்டுவாங்களா? ரெண்டு தடவை வேணாம்பாங்க. மூணாவது தடவை வாங்கிக்குவாங்க. நாமதான் விடாம நிக்கணும்."

"நான் குடுக்க மாட்டேன்."

"நீ குடுக்க வேணாம். நானே வந்து குடுக்கிறேன். வீட்டுக்காரன் வந்து குடுத்தா அது ஒரு முறை, ஒரு மரியாதை."

அவள் அழுத்திப் பிடித்ததில் உருண்டை ஒன்று கையில் உதிர்ந்தது. மறுபடி சேர்த்துப் பிடித்தாள். மகள் வந்து டப்பாவுக்குள் கையை விட்டபோது அவன் பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தான். "அது எடுக்கக்கூடாது. உடைஞ்சது தட்டுல இருக்கு பாரு, அதுல எடுத்துக்க." மகள் தட்டில் இருந்த உடைசலைத் தின்றுகொண்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மூவரும் குளித்துப் புதுத்துணி உடுத்தினார்கள். அவன் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுக்க மறந்து, கழுத்தில் குத்தி, நாள் ஆரம்பமே ரத்தத்தில் ஆனது. ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே எப்படி, ஜே ஜே என்று இருக்கிறதா? அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். "அமர்க்களம்தான்" என்று போனில் சொன்னான்.

சாப்பிட உட்காரும்போதே மணி இரண்டாகிவிட்டது. சமைத்தது ஐந்தாறு வகை, அவள் எதையும் சரியாகத் தொடவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் அம்மாவின் மடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வகுப்பில் ஒரு பையன் மூக்கில் பென்சில் ரப்பரை விட்டுக்கொண்ட கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, அம்மா சிரித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்து சீருடையை மாட்ட வேண்டியதாகிவிட்டது. புதுத்துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கழற்றி வைக்க மனம் வரவில்லை.

"நாங்களும் வரோம்" என்று அவன் டப்பாவைத் தூக்கிக்கொண்டான். ரிப்பன் வேறு கட்டியிருந்தான்.

"வேணாம்னு சொல்றேன், கேக்க மாட்டீங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா வேணாம்னு சொல்லாத."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மேடத்திடம் சொல்ல வேண்டியதை அந்த ஊர்ப் பாஷையில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கட்டடத்தின் அடித்தளத்தில் துப்புரவுக்காரர்களுக்கு ஒரு பெரிய அறை. வாளிகள், துடைப்பான்கள், மருந்துக் குப்பிகள், சுவரோரமாகத் தூசி உறிஞ்சுகிற மிஷின்கள். ஈரமும் சோப்பும் கலந்த வாடை. அதன் மூலையில் கண்ணாடி வைத்துத் தடுத்த சின்ன அறைதான் சூப்பர்வைசருடையது. உள்ளே நடப்பது வெளியே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஏழெட்டுப் பெண்கள் சீருடை மாட்டிக்கொண்டு நின்றார்கள். காலை ஷிஃப்ட் கேட்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

சூப்பர்வைசர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். டயர்க்காரன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய், இன்று எங்கள் பண்டிகை என்று சொல்லி டப்பாவை மேஜைமேல் வைத்தான். அவள் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னாள். மகளின் புதுப் பாவாடையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள். டப்பாவை மட்டும் இரண்டு விரலால் அவன் பக்கம் தள்ளி, ரொம்ப நன்றி, ஆனால் இதை வாங்கிக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை என்றாள்.

இது ஒன்று, என்று அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டான். சிரித்தபடி டப்பாவை அவள் பக்கம் தள்ளினான். வீட்டில் செய்தது, என் மனைவி கையால் பிடித்தது என்றான்.

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம், தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இது இரண்டு. மூன்றாவதில் வாங்கிவிடுவாள் என்று அவனுக்குத் தெம்பு வந்தது. டப்பாவை மறுபடி தள்ளினான். தள்ளிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. குரலைத் தணித்து, முகத்தில் பணிவையெல்லாம் கொண்டுவந்து, பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னான். "அப்படியே நம்ம வீட்டுக்காரியோட காலை ஷிஃப்ட் விஷயத்தையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க."

சூப்பர்வைசர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவனைப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து அவன் மனைவியைக் கூப்பிட்டு, அத்தனை பேர் பார்க்க டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, நான் தொடவில்லை, இதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

பண்டிகை நாளில் கொடுத்த இனிப்பு திரும்பிக் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. டப்பாவைக் கணவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"திருப்தியா?"

"இல்லம்மா, அவங்க சும்மா ஒரு பேச்சுக்கு..."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. பண்டிகைன்னு சொன்னேன்."

"அதுக்கா அந்த மூஞ்சி? ஷிஃப்ட்டைப் பத்திப் பேசினீங்களா இல்லையா?"

அவன் டப்பாவின் ரிப்பனைச் சரிசெய்தான்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தீங்களா? நாளையிலேருந்து இவளுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இனிமே எனக்காக யார்கிட்டயும் போய்ப் பேசாதீங்க. சத்தியமா சொல்றேன், பேசவே பேசாதீங்க."

மிஷினை இழுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனாள். மகள் "அம்மா" என்று ஓடுவதற்குள் கதவு மூடிவிட்டது.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஏழாவது மாடி அக்கா மட்டும் நின்றாள். நம் பாஷை பேசுகிறவள், ஏழாவது மாடியைப் பல வருஷமாகக் கூட்டித் துடைக்கிறவள், அதனால் அந்தப் பெயர். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"பண்டிகைக்கு இனிப்பு குடுக்கிறது ஒரு குத்தமாக்கா?"

"சும்மா குடுத்திருந்தா டேபிள்ல பிரிச்சு வெச்சு எல்லாருக்கும் குடுத்திருக்கும் அந்தம்மா. போன வருஷம் நான் கொண்டாந்தப்ப அப்படித்தான் பண்ணுச்சு. நீ ரிப்பன் கட்டி, உள்ள கொண்டுபோய் வெச்சு, வாயாலயும் கேட்டுட்ட. இங்க அதுக்குப் பேரு லஞ்சம்."

"லஞ்சமா? உருண்டை அக்கா! மாவும் சர்க்கரையும் லஞ்சமா?" அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லஞ்சம் குடுக்கிறவன் பொண்டாட்டி கை வேகுற மாதிரி உருண்டை பிடிச்சா குடுப்பான்? இது என்ன ஊரு அக்கா? எதைச் செஞ்சாலும் தப்பா?"

"என்கிட்ட கத்தாத. ஊரைத் திட்டினா ஷிஃப்ட்டு வந்துடுமா?"

அக்கா வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். டயர்க்காரன் சும்மா போயிருக்க வேண்டும். இனிமேல் பேசாதே என்று மனைவி சொல்லிவிட்டுப் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் விஷயத்தைச் சரிசெய்ய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவதுதான். மகளை இழுத்துக்கொண்டு மறுபடி கண்ணாடி அறைக்குள் போனான்.

தப்பு என்னுடையது, அவளுக்குச் சம்பந்தமே இல்லை என்றான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றான். நம் ஊரில் பண்டிகை என்றால் இப்படித்தான் என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் வார்த்தை கிடைக்காமல், தண்ணிக் குழாய், இன்ஜினியர் என்று எங்கேயோ போய்விட்டான். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அவனுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்த இடத்தை உங்கள் மனைவிக்குத்தான் ஒதுக்கியிருந்தேன். நன்றாக வேலை செய்கிறாள், சின்னப் பிள்ளை இருக்கிறது. வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தேன். இப்போது கொடுத்தால், இந்த இடத்தைக் கேட்டிருந்த மற்றவர்கள் டப்பாவுக்காகக் கொடுத்தேன் என்று மேலிடத்துக்குப் புகார் கொண்டு போவார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். என்னால் இப்போது அவளுக்குக் கொடுக்க முடியாது. இன்னொரு இடம் காலியானால் பார்க்கலாம்.

"எப்ப காலியாகும்?"

தெரியாது என்றாள். பிறகு அவளுக்கும் பொறுக்காமல், "நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் விடவில்லை. நீங்கள் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், இதை இப்போதே குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினான். சூப்பர்வைசர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தான். டப்பாவைச் சுவரில் ஓங்கி அடிக்க வேண்டும்போல இருந்தது. கிடைக்காமல் போனது என்றால்கூட ஆறியிருக்கும். கிடைத்திருந்ததைக் கையால் தள்ளி உடைத்திருக்கிறான். இதை அவளிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தான். வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம் என்று வெள்ளிக்கிழமை அவளே வந்து சொல்வாள், அன்றைக்குத் தலையை ஆட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்தபோதே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"இப்ப எடுத்துக்கலாமாப்பா?" என்றாள் மகள், டப்பாவைக் காட்டி.

ரிப்பனை அறுத்து எடுத்தான். மகள் இரண்டு கையிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு அம்மாவுக்கு."

தண்ணீரோடு வந்த ஏழாவது மாடி அக்கா அதைக் கேட்டுவிட்டாள். "அவளும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாத மூஞ்சியோடதான் மேல போனா. சர்வீஸ் லிஃப்ட்டுல வாங்க. அவ இருக்கிற மூணாவது மாடியில ஆபீஸ்காரங்க இன்னைக்குச் சீக்கிரம் போயாச்சு. அஞ்சு நிமிஷம், குடுத்துட்டு இறங்கிடணும். அங்க போய் வாயைத் திறக்காத."

மூன்றாவது மாடியில் மேஜைகள் வரிசை வரிசையாக இருந்தன. தரை முழுக்கச் சாம்பல்நிறக் கம்பளம். அவள் ஒரு கோடியிலிருந்து மிஷினை ஓட்டிக்கொண்டு வந்தாள். சீருடைக்குக் கீழே புதுத்துணியின் கரை தெரிந்தது. இவர்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"பாப்பாதான் உனக்கு இனிப்பு..."

"கீழே போட்டுராத பாப்பா. சிந்துச்சுன்னா அம்மாதான் கூட்டணும்." மகள் உருண்டை இருந்த கையை நீட்டியபடி வந்தாள். விரலிடுக்கில் மாவு உதிர்ந்து கம்பளத்தில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் கணவனைப் பார்த்தாள். "மறுபடியும் உள்ள போனீங்கல்ல?"

"சும்மா மன்னிப்புக் கேக்கத்தான் போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. பார்க்கலாம்னாங்க."

"இல்லம்மா" என்றாள் மகள். சூப்பர்வைசர் பேசியது பள்ளிக்கூடத்தில் பேசுகிற பாஷை, அப்பாவைவிட அவளுக்கு நன்றாகவே புரியும். அப்பா விட்டதைத் தான் சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் முகம் மலர்ந்தது. "உனக்குத்தான் குடுக்கிறதா வெச்சிருந்தாங்களாம். வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு இருந்தாங்களாம். அப்பா டப்பா குடுத்துட்டாருல்ல, அதனால இப்ப உனக்கு இல்லையாம்."

அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கம்பளத்தைப் பார்த்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் மகள் கையிலிருந்த உருண்டையை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். உலர்ந்த மாவு வாயை அடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர, மென்று விழுங்க அவளுக்கு நேரம் பிடித்தது. இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள் கடைசியில். "கூட்டிட்டுப் போய்த் தலையைச் சீவி, சோறு ஊட்டித் தூங்க வைங்க. பழக்கம்தானே."

மகள் ரப்பரை மூக்கில் விட்டுக்கொண்ட பையன் கதையை மறுபடி ஆரம்பித்தாள். அம்மா மிஷினைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் கதை கேட்கவில்லை. பிள்ளையின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மிஷின் சிந்தியிருந்த மாவை உறிஞ்சிக்கொண்டு அவர்கள் காலடிக்கு வந்தது. அவன் மகளைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அது இன்னும் வந்தது. நகர்ந்து நகர்ந்து லிஃப்ட் வாசல்வரைக்கும் போய்விட்டார்கள். அதுவரைக்கும் அவள் தலை நிமிரவேயில்லை.